நான் தர்மகர்த்தா அல்ல, சாவிக்காரன்

1

ஓடைப்பட்டி, சின்னமனூர் வட்டாரத்தில் என்னைப் பற்றி ஒரு செய்தி உலவுகிறது. லண்டனில் வெள்ளைக்காரர்களின் பெரிய கோயில் ஒன்றுக்கு நான் தர்மகர்த்தாவாம். தேனி பஸ் நிலையத்து டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டதாகத் தங்கை சொல்கிறாள். அதை மறுக்கத்தான் இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது மறுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

முதலில், நான் இருப்பது லண்டன் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போய், அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து, அந்த பஸ் வந்தால், எங்கள் கிராமத்துக்கு வரலாம். ஆள் குறைவு, ஆடு அதிகம். இந்தப் பகுதி கவுன்சிலில் மழைநீர் வடிகால் பிரிவில் எனக்கு வேலை. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று கவலைப்பட்ட குடும்பத்தில் பிறந்து, இங்கே தண்ணீர் எப்படிப் போகும் என்று கவலைப்பட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கோயில். ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஊர்க்கோயில், எண்ணூறு வயதுக்கு மேல் ஆனது. கோபுரம் மேற்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும். அடியில் ஊற்று இருப்பதால் என்று வரலாற்றுப் பலகை சொல்கிறது. வடிகால் சரியில்லை என்று நான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான், ஆனால் பலகையில் எழுதினால் வரலாறாகிவிடுகிறது.

2

சாவி என் கைக்கு வந்த கதை சின்னது. குடிவந்த புதிதில் கூரியர்க்காரர் என் பார்சலைக் கோயிலின் முன்மண்டபத்தில் வைத்துவிட்டுப் போனார். எடுக்கப் போனேன். உள்ளே ஓர் ஏணியின் உச்சியில் மார்கரெட் நின்றுகொண்டிருந்தார். எண்பது வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கோயிலின் காரியஸ்தர். ஏணியைப் பிடியுங்கள் என்றார், பிடித்தேன். பல்பு மாற்றி இறங்கியவர் நான் எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார். எதிர் வீட்டைக் காட்டினேன். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். காலையில் திறந்து சாயங்காலம் பூட்டுகிறவர் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டாராம்.

"நான் இந்து, மார்கரெட்" என்றேன்.

"பரவாயில்லை மார்க், பூட்டுக்கு அதெல்லாம் தெரியாது" என்றார்.

என் பெயர் முருகேசன். அதில் பாதியைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் புல்வெட்டும் முறைப் பட்டியலிலும் என் பெயர் மார்க் என்று ஏறியிருந்தது. இந்த நாட்டில் பழைய கோயிலுக்குள் யாரும் தெரியாத்தனமாக நுழையக்கூடாது. வெளியே வரும்போது கையில் ஒரு வேலை இருக்கும்.

அன்றைக்குப் போனில் அப்பாவிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"ஏலே, சாவி ஒங்கையிலயா இருக்கு?"

"ஆமாப்பா. சும்மா திறந்து பூட்டுறதுக்கு."

"கோயில் சாவியச் சும்மா குடுப்பாகளாலே? நம்ம ஊர்ல ஒரு சாவிக்கு எம்புட்டுப் பேரு மண்டைய ஒடச்சிக்கிட்டாக தெரியும்ல?"

நான் சொன்ன எதுவும் அதற்கு மேல் அவர் காதில் ஏறவில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எங்கள் மேல வீட்டில், மற்றது பங்காளிகளான கீழ வீட்டில். சாவி வைத்திருப்பவன் என்றால் என்ன அர்த்தம் என்பது அப்பாவுக்கு இரத்தத்தில் தெரியும். அவர் கணக்குப்படி வெள்ளைக்காரர்கள் ஊர் கூடிப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, இன்னார்தான் தகுதியான ஆள் என்று என்னிடம் சாவியை ஒப்படைத்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் தங்கை மகளுக்குக் காதணி விழா. ஓடைப்பட்டி மெயின் ரோட்டில் வைத்த ஃபிளக்ஸ் பேனரின் படம் வந்தது. புல்வெட்டும் நாளில் மார்கரெட் எடுத்த போட்டோவில் நான், கையில் சாவி, தலையில் அழுக்குத் தொப்பி. கீழே, "லண்டன் மாநகர் பழம்பெரும் ஆலயப் பரம்பரைத் தர்மகர்த்தா." பரம்பரை என்ற சொல்லை அச்சடித்தவரே சேர்த்துக்கொண்டாராம்.

3

அப்பாவுக்கு இந்த மகிழ்ச்சி எதற்காக இவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவரைக் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள். ஊர்க்காரர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் தலையில் கட்டும் பரிவட்டம் ஒரு வருஷம் மேல வீட்டுக்கு, மறு வருஷம் கீழ வீட்டுக்கு. மேல வீட்டுக்கு அப்பா. கீழ வீட்டுக்கு ராசாங்கம் சித்தப்பா. அப்பாவுக்குப் பெரியப்பா மகன். இருவரும் ஒரே பெஞ்சில் படித்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். திராட்சைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர் வாங்க மாட்டார், இரவல்தான். அவ்வளவு ஒட்டுதல்.

ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் திருவிழா இல்லை. அது அப்பாவின் முறை.

மறு வருஷம் பூசாரி பரிவட்டத்தை எடுத்தபோது அப்பா தலையைக் குனிந்தார். ராசாங்கம் சித்தப்பாவும் குனிந்தார். நடக்காத திருவிழா கணக்கில் வராது, தன் முறை அப்படியே நிற்கிறது என்றார் அப்பா. வருஷம் வந்தது, போனது, சாமி கும்பிடாவிட்டாலும் காலண்டர் நிற்காது என்றார் சித்தப்பா. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே நியாயம்தான். அதனால்தான் தீரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் சித்தப்பா பக்கம் சொன்னார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் எப்படிப் பார்த்தாலும் அப்பாவின் முறை. அப்போதும் அவர் போகவில்லை. போய் வாங்கினால் அவர்கள் கணக்கை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். திருவிழா அன்று வேட்டி சட்டை போட்டு, கோயில் வாசல் வேப்பமரம் வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டு வருவார். அம்மா தனியாகப் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள்.

"எல்லாரும் கேக்குறாகய்யா, ஒங்க வீட்டுக்காரக வரலியான்னு. வாசல்ல நிக்கிற மனுசன வரலைன்னு எப்படிச் சொல்ல?" என்று ஒவ்வொரு வருஷமும் போனில் கேட்பாள். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "விடும்மா, சரியாயிரும்" என்பேன். மகன் வேலையில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான் என்று ஆகிவிட்டது.

4

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் எங்கள் கிராமத்துக் கோயிலின் திருநாளைப் பார்க்க அப்பா புறப்பட்டார். மிக்கேல் என்ற தேவதூதர் பெயரில் உள்ள கோயில் என்பதால் அவர் நாளில் விழா. அம்மா வரவில்லை. "நான் வந்துட்டா கோழிய யாரு பாப்பா?" என்றாள். அதற்கு மேல் வாதமே கிடையாது.

விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் மகனைப் பார்க்க என்று எழுதச் சொன்னேன். மகனின் கோயில் நிர்வாகத்தைப் பார்வையிட என்று எழுதுவேன் என்று அப்பா நின்றார். பாதி நாள் போன் பேசி அவரை இறக்கினேன். மதுரை விமான நிலையத்தில் தங்கை அவருக்குத் தெரியாமல் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டாள். வைகை அணைப் பூங்காப் படிக்கட்டு முழுவதும் ஏறி இறங்குகிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்து வந்து இறங்கினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாரையும் நிப்பாட்டி வச்சு, என்னைய மட்டும் மொதல்ல ஏத்துனாகலே. ராசாங்கம் பாக்கணும் அத."

என் மகள் கயலுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், பேசினால் சொற்கள் அவள் வாயில் கால் இடறும். தாத்தாவின் வழக்கை அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சோ, அந்தத் துணி கட்டினா வேற என்ன கிடைக்கும் தாத்தா?"

"வேறன்னா?"

"டிஸ்கவுண்ட்? ஃப்ரீ பார்க்கிங்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிள்ளை வளர்த்த லட்சணத்துக்கு அந்தப் பார்வை ஒரு வருஷத்துக்குப் போதும்.

5

திருநாளுக்கு முந்தின நாள் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். முன்மண்டபத்தில் அப்பா செருப்பைக் கழற்றினார். வேண்டாம்ப்பா, கல்தரை ஜில்லென்று இருக்கும் என்றேன். கோயிலுக்குள் செருப்போடா என்று கேட்டார். உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த மார்கரெட் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, காலில் வலி போல என்று உடனே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அப்பா அதைக் கோயில் மரியாதை என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கம்பீரமாக உட்கார்ந்தார்.

பிறகு நடந்தோம், நடந்தோம் என்பதைவிடத் தாண்டினோம். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். இன்னார் இங்கே உறங்குகிறார் என்று காலடியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொன்னதும் அப்பா எகிறினார்.

"பொணத்து மேலயாலே நடக்குறாக?"

அதன்பிறகு பெயர் எழுதாத கல்லாகத் தேடித் தேடி மிதித்து, பாண்டியாட்டம் ஆடுகிறவர்போல் வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு அது நல்ல உடற்பயிற்சி.

நான் வழிகாட்டி வேலையை ஆரம்பித்தேன். தெற்கு வரிசைத் தூண்கள் பருமனாக, வளைவுகள் அரைவட்டமாக இருக்கும். அது நார்மன் காலத்து வேலை. வடக்கு வரிசை ஒல்லி, வளைவு உச்சியில் கூர்மை. ஒரு பக்கம் கட்டி முடித்து மறுபக்கத்துக்குக் காசு சேர்வதற்குள் ஒரு தலைமுறை போய், உலகத்தில் கட்டடப் பாணியே மாறிவிட்டது. "நம்ம சமுதாயக்கூடம் மாதிரி" என்றார் அப்பா. சுவர் முழுக்க முன்பு சொர்க்கம், நரகம் எல்லாம் வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். பின்னால் வந்த ஒரு ராஜாவின் ஆட்சியில் எல்லாவற்றையும் சுண்ணாம்பு அடித்து மூடினார்கள். இப்போது ஒரு மூலையில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு பேயின் கால் மட்டும் தெரிகிறது. சாமிகள் எல்லோரும் சுண்ணாம்புக்குள் இருக்க, பேயின் காலுக்குக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறோம்.

தூண் உச்சியில் கல்லில் திராட்சைக் கொடி செதுக்கியிருப்பதைக் காட்டினேன். ஓடைப்பட்டிக்காரர் ரசிப்பார் என்று ஆசை. கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்.

"இது திராட்சையா? குலை மேல பாத்து நிக்குது. செதுக்குனவன் வாழத்தாரப் பாத்திருக்கான்."

வண்ணக் கண்ணாடியில் மிக்கேல் வாளோடு அரக்கனை மிதித்து நிற்பதைப் பார்த்ததும் மட்டும் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டார். "நம்ம கருப்பசாமிதான். அருவாளுக்குப் பதிலா இங்கன வாளு. குதிரைய வெளிய கட்டியிருப்பாக" என்றார். அந்த நேரம் பார்த்து கூரையிலிருந்து அவர் தோளில் ஏதோ விழுந்தது. வவ்வால் எச்சம். விரட்ட மாட்டார்களா என்று கேட்டார். வவ்வாலைத் தொந்தரவு செய்வது இங்கே சட்டப்படி குற்றம் என்றேன். அவை குட்டி போடும் மாதங்களில் கூரை வேலையே நடக்காது. நாங்கள் ஒரு கழிப்பறை கட்டவே கோயில் நீதிமன்றம், பழைய கட்டடங்களின் சங்கம், வவ்வால் நிபுணர் என்று எல்லோரிடமும் அனுமதிக்கு அலைகிறோம். கழிப்பறை வேண்டியவர்கள் இன்றும் என் வீட்டுக்குத்தான் ஓடிவருகிறார்கள்.

"அப்ப இங்கன பரிவட்டம் வவ்வாலுக்குத்தான்" என்றார் அப்பா.

கடைசியாகப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வந்தோம். எங்கள் கோயிலுக்குப் பேர் வாங்கித் தந்தவை இங்கே இருக்கும் இரண்டு பெட்டி இருக்கைகள். ஆளுயர மரச் சுவரும் கதவும் வைத்து, ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும். வடக்கே இருப்பது ஊர் ஜமீன் குடும்பத்துக்கு. உள்ளே குளிர் காயக் கணப்பு அடுப்புகூட உண்டு. தெற்கே இருப்பது கம்பளி வியாபாரத்தில் பணக்காரர் ஆன குடும்பத்துக்கு. வியாபாரி தன் பெட்டியை ஜமீனுடையதைவிட ஒரு படி உயர்த்திக் கட்டினார். ஜமீன் இரண்டு படி உயர்த்தினார். வியாபாரி மேலே விதானம் போட்டுத் திரை தொங்கவிட்டார். ஒரே வாசலில் வியாபாரிக்குப் பின்னால் நுழைவதா என்று ஜமீன் கோயில் சுவரையே உடைத்துத் தனக்குத் தனி வாசல் வைத்துக்கொண்டார். இரண்டு பெட்டியும் ஏறிய ஏற்றத்தில் பாதிரியாரை யாருக்கும் தெரியவில்லை. பிரசங்க மேடையை மூன்றடுக்காக உயர்த்தி அவரைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். வழக்கு நீதிமன்றம் போனது.

அப்பாவின் கண் பளபளத்தது. அதுவரை கேட்ட எண்ணூறு வருஷச் சரித்திரத்தில் அவருக்கு முழுசாகப் புரிந்த பகுதி இது.

"ஜமீன் மேல வீடு. வியாபாரி கீழ வீடு. இவன் செஞ்சதுதாம்லே சரி. அவன் எப்படி ஒசத்திக் கட்டலாம்?" என்று எப்போதோ செத்துப்போனவருக்காக வாதாடினார். தனி வாசலைத் தடவிப் பார்த்தார். "இந்த ரோசம் வேணும்லே மனுசனுக்கு." பிறகு கேட்டார், "சரி, கடைசில யாரு செயிச்சா?"

நான் ஜமீன் பெட்டியின் கதவைத் திறந்தேன். உள்ளே எங்கள் புல்வெட்டும் இயந்திரம் நின்றது. வெளியே கொட்டகை போட அனுமதி கிடைக்காததால் அதற்கு அங்கேதான் இடம். எதிர்ப் பெட்டியைத் திறந்தேன். டீ கொதிக்கும் பாய்லர், கிறிஸ்துமஸ் குடிலுக்கான காது உடைந்த கழுதைப் பொம்மை.

"அவுக வாரிசெல்லாம்?"

"ரெண்டு பக்கமும் இப்ப யாரும் இல்லப்பா. வித்துட்டுப் போயிட்டாக."

அப்பா கழுதையை ஒரு தடவை பார்த்தார். இரண்டு கதவையும் அவரே மூடினார்.

6

மறுநாள் ஆராதனைக்குப் பட்டுக்கரை வேட்டி, சட்டை, அதற்குள்ளே என் தெர்மல் பனியன், தோளில் அங்கவஸ்திரம் என்று அப்பா வந்தார். ஏழு கோயிலுக்குச் சேர்த்து ஒரே பாதிரியார், அவரும் பெண். சின்னக் காரில் பறந்து வந்து அங்கியை மாட்டிக்கொண்டார். "பூசாரி அம்மாவா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். "நேரத்துக்கு வந்துட்டாகல்ல, அது போதும்" என்றார். எங்கள் ஊர்ப் பூசாரியை நினைத்துச் சொன்னது அது.

திருநாள் என்றாலும் கூட்டம் ஒரு வேனில் அடங்கிவிடும். கையில் நீண்ட கோலோடு மார்கரெட் முன்னால் நடக்க, பாதிரியார் பின்னால் வந்தார். கோலைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் முகம் சொன்னது. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, எல்லாம் முடிந்து பின்பக்கம் டீ. அப்பா கூட்டத்துக்கு நடுவே கையைக் கட்டி நின்றார். தர்மகர்த்தாவுக்கு, அவர் இல்லாவிட்டால் அவர் தகப்பனாருக்கு, என்ன நடக்கப்போகிறது என்று காத்திருந்தார். தர்மகர்த்தாவான நான் ஒரு தட்டு நிறைய எச்சில் கோப்பைகளோடு நின்றிருந்தேன்.

அப்போது மார்கரெட் அவரை நோக்கி வந்தார். மடித்த ஒரு வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் நீட்டினார். கோபுரப் படம் நீல நிறத்தில் அச்சிட்ட டீ டவல். கோயில் நிதிக்காக நாங்கள் விற்கிறவை. பாத்திரம் துடைக்க ஆள் குறைந்தால் யார் கையிலும் ஒன்றைத் திணித்துவிடுவது மார்கரெட் வழக்கம்.

எனக்குப் புரிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அப்பா அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கைகளைக் கூப்பினார். கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றார்.

மார்கரெட் குனிந்த தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியாது. மார்கரெட் நாற்பது வருஷம் பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டவர். அந்த நாடகத்தில் மேய்ப்பனாக வரும் பிள்ளைகளுக்கு டீ டவலைத் தலையில் கட்டிவிடுவதுதான் இந்த நாட்டு வழக்கம். ஊரில் பிள்ளைகள் இல்லாமல் நாடகம் நின்று பல காலம் ஆகிறது. தானாக வந்து தலையைக் குனியும் மேய்ப்பனை அவர் விடுவாரா? துணியை உதறி, நெற்றியில் சரியாக வைத்து, பின்னால் இழுத்து, தேர்ந்த கையோடு முடிச்சுப் போட்டார். நம்ம ஊர்ப் பூசாரிக்குக்கூட அப்படிக் கட்ட வராது.

எல்லோரும் கைதட்டினார்கள். கயல் போட்டோ எடுத்தாள். அப்பா கண்ணைத் திறந்தபோது அதில் நீர் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படி ஒரு துணி தலையில் ஏறாமல் எத்தனை வருஷம் வேப்பமரத்தடியில் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அப்பா சுற்றிலும் பார்த்தார். பாதிரியார் கையில் ஒரு டீ டவல். பூ அடுக்குகிறவர் தோளில் ஒன்று. ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் அதே கோபுரப் படத்தால் தேக்கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மார்கரெட் ஈரக் கோப்பை ஒன்றை அப்பா கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனார்.

"ஏலே" என்றார் அப்பா மெதுவாக. "இங்கன எல்லாருக்குமா குடுக்காக?"

"ஆமாப்பா."

"மொதல்ல யாருக்கு?"

"யாரு சும்மா நிக்கிறாகளோ அவுகளுக்கு."

கோப்பையைப் பார்த்தார். தலையிலிருந்து துணியை அவிழ்த்தார். கோப்பையைத் துடைத்தார். பழக்கமில்லாத கை, வெளிப்பக்கம் மட்டும் துடைத்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்தியும் அறியாதவர். பார்த்திருந்தால் அம்மாவுக்கு மயக்கம் வந்திருக்கும். அவர் மூன்றாவது கோப்பையில் இருக்கும்போது மேஜர் உட்பக்கமும் துடைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தன் துணியோடு இன்னொரு டீ டவலும் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ராசாங்கத்துக்கு" என்றார். அவ்வளவுதான். பெட்டியில் எனக்குத் தெரியாமல் அடியில் வைத்தார், எனக்குத் தெரிந்தே.

7

போன மாதம் சித்திரைத் திருவிழா. அன்று எனக்கு விடுமுறை, என் முறைக்குப் புல் வெட்டினேன். முடித்துவிட்டு இயந்திரத்தை ஜமீன் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அம்மா வீடியோவில். முதலில் அவள் காது தெரிந்தது, பிறகு விரல், பிறகு உறுமிச் சத்தம் எண்ணூறு வருஷக் கூரையில் போய் மோதியது. பரணில் வவ்வால்கள் அசைந்தன. சட்டப்படி அது குற்றம்.

"என்னம்மா, கோயில்லயா இருக்க? அப்பா வேப்பமரத்தடியிலயா நிக்கிறாக?"

"உள்ளய்யா! உள்ள! இங்கன பாரு!"

போனைத் திருப்பினாள். கூட்டத்துக்கு நடுவே பூசாரி இரண்டு கையிலும் பரிவட்டத்தை ஏந்திக்கொண்டு தவித்து நின்றார். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் ராசாங்கம் சித்தப்பா. இருவர் குரலும் உறுமிக்கு மேல் கேட்டன.

"தம்பி, நீ வாங்குடா. ஒன் முறைதான்."

"அதெப்படிண்ணே? கொரோனா வருசத்துது உங்களுக்குல்ல பாக்கி நிக்கிது? நீங்க குனிங்க."

"எனக்கு ஆச்சுடா, லண்டன்லயே கட்டிட்டாக. போட்டோ பாத்தேல்ல?"

"பாத்தேன். அதுக்காக நான் என்ன தாந்தவனா? நீங்க வாங்காம நான் வாங்க மாட்டேன்."

"அப்ப நானும் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

போனை அம்மா தன் பக்கம் திருப்பினாள். முகமெல்லாம் வியர்வை, பொங்கல் புகை, சிரிப்பு.

"ஒரு மணி நேரமா இதே கூத்துதான்யா. அப்ப வாங்குறதுக்குச் சண்டை, இப்ப வாங்க மாட்டேன்னு சண்டை. பொங்கப் பான எல்லாம் ஆறிப்போச்சு."

"நீ சொல்லி நிப்பாட்டக்கூடாதாம்மா?"

"எதுக்கு நிப்பாட்டணும்? வாசல்ல நின்ன மனுசன் உள்ள நின்னு சண்ட போடுறாக. விடியுற வரைக்கும் போடட்டும்."

மார்கரெட் பூச்சட்டியோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். என்ன சத்தம் இது என்று கேட்டார். என் அப்பா இத்தனை வருஷம் கழித்துக் கோயிலுக்குள் வந்திருக்கிறார் என்றேன். மார்கரெட் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். அப்போதுதான் நானும் கவனித்தேன். அப்பாவின் தோளில் பட்டுத் துண்டு இல்லை. சாய்ந்த கோபுரம் நீல நிறத்தில் அச்சிட்ட துணி. சித்தப்பாவின் தோளிலும் அதே கோபுரம், அவர் நின்ற நிலைக்கு அது நேராகவே தெரிந்தது.

"அது நம்முடைய துணி அல்லவா?" என்றார் மார்கரெட். "துடைக்க ஆரம்பித்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லை, மார்கரெட்" என்றேன். "யார் முதலில் துடைப்பது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."